பண்டமாரான் சர்வரும் எட்டு டிக்குகளும்

பெர்னிஸ் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. ரொட்டி சானாயைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி படியிறங்குவாள். கோப்பி-ஓ, பாலில்லாத காப்பி, பிளாஸ்டிக் பையில் விரலில் தொங்கும். ரயிலில் இடம் கிடந்தாலும் கதவோரம்தான் நிற்பாள். வலுக்கட்டாயமாக உட்கார வைத்தால் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். ஞாயிறு பூசையில் அவள் அக்கா டொரத்தி அந்தக் கால் மேல் தன் கைப்பையைத் தூக்கி வைப்பாள்.

"ஃபாதர் பிரசங்கம் முடியற வரைக்குமாச்சும் அடங்கு."

கைப்பையும் சேர்ந்து ஆடும்.

வேலையிலும் அப்படியே. முப்பத்து மூன்று வயதுக்குள் ஏழு கம்பெனி மாறியிருந்தாள். சைபர்ஜெயாவில் இரண்டு, பெட்டாலிங் ஜெயாவில் மூன்று, ஷா ஆலாமில் ஒன்று. ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு நாள் தாங்கினாள். எட்டாவதாக வந்து சேர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கிரிகரி நடத்திவந்த சின்ன அலுவலகம். மற்ற கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது தொழில்; ஆள் மொத்தம் ஆறு பேர். இங்கே மட்டும் நான்கு வருடம் நின்றுவிட்டாள். அதற்குக் காரணம் ஒரு கையெழுத்து. இரண்டாம் வருடம் கிரிகரி அவளைக் கூப்பிட்டு, "இனிமே செக்கியூரிட்டி ரிப்போர்ட்டுல நீதான் சைன் போடுறே. உன் பேரைப் பாத்தா கஸ்டமர் நம்பணும்" என்றார். அதுவரை எந்தக் கம்பெனியும் அவள் பெயரை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எழுதியதில்லை. அன்று வீட்டுக்குப் போய், சாலாக் செலாத்தான் அடுக்குமாடியின் நாலு மாடியையும் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் ஏறினாள்.

அந்தக் கையெழுத்துதான் ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை எட்டே முக்காலுக்கு, அவளை மாட்டிவைத்தது.

இடம், கிள்ளான் பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனி. துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போகும் இருநூற்றுச் சொச்சம் லோரிகள். ஒவ்வொன்றும் கேட்டுக்குள் நுழையும்போது ஒரு சிலிப்பு அச்சாகும். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் சுமையை இறக்க முடியாது. அந்தச் சிலிப்பை அனுப்புவது, கேன்டீனுக்குப் பக்கத்தில் பழைய டயர் அறையில் நின்ற சர்வர். அதன் பாதுகாப்பு பெர்னிஸின் பொறுப்பு. சரக்கு கொடுக்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தணிக்கைக்கு ஆள் அனுப்புகிறார். தணிக்கைப் பட்டியலின் முதல் கேள்வி: கட்டாய அணுகல் காவல் இயங்குகிறதா, திரையில் காட்டவும்.

அதுதான் இயங்குகிறதே என்ற தைரியத்தில்தான் பெர்னிஸ் நிலையைக் காட்டும் கட்டளையைத் தட்டினாள். திரையில் ஒற்றைச் சொல் வந்தது: பெர்மிசிவ்.

அவள் அதை மூன்று முறை தட்டிப் பார்த்தாள். சொல் மாறவில்லை.

சாதாரணக் கணினியில் ஒரு கோப்பு யாருடையதோ, அவர் நினைத்தால் அடுத்தவருக்குத் திறந்துவிடலாம். இந்தக் காவல் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபல், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபல். எந்த லேபல் எதைத் தொடலாம் என்று ஒரு விதிப் பட்டியல். பட்டியலில் இல்லாதது நடக்காது. கேட்பது சர்வரின் தலைமை நிர்வாகியே ஆனாலும் நடக்காது. காவலுக்கு இரண்டு நிலை உண்டு. 'என்ஃபோர்சிங்' என்றால் மீறுகிறவனை நிறுத்திவிடும். 'பெர்மிசிவ்' என்றால் மீறுகிறவனின் பெயரைக் குறித்துக்கொண்டு, போ என்று வழிவிடும்.

போன நவம்பரில் அதை வழிவிட வைத்தது அவள்தான். கிள்ளான் முழுக்க மழை. காலையில் கேட் நிரலைப் புதுப்பித்திருந்தார்கள். பத்து மணிக்கு மேல் ஒரு சிலிப்பும் அச்சாகவில்லை. முப்பது லோரி சாலைவரை நின்று ஹாரன் அடித்தன. கேட் சூப்பர்வைசர் ஹைதர் குடைகூட இல்லாமல், டயர் அறையில் இருந்த அவளிடம் ஓடிவந்து, "தங்கச்சி, ஏதாச்சும் செய்யும்மா, போலீஸ் வந்து நிக்குது" என்று கத்தினார். காவல்தான் எதையோ மறித்துக்கொண்டிருந்தது. எதை என்று பார்க்க நேரமில்லை. ஒரு கட்டளை, அதன் கடைசியில் ஒரு சைபர். சிலிப்புகள் மளமளவென்று வந்தன. 'திங்கட்கிழமை சரி பண்ணிக்கலாம்' என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேறொரு வாடிக்கையாளரின் சர்வர் படுத்துவிட்டது. மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. அவசரத்தில் போன மாதத்து அறிக்கையைத் திறந்து, தேதியை மாற்றி, கையெழுத்துப் போட்டாள். 'காவல் இயங்குகிறது' என்ற பெட்டியில் டிக் ஏற்கெனவே இருந்தது. டிசம்பரிலும் அப்படி. ஜூன் வரை எட்டு அறிக்கை, எட்டு டிக், எட்டுக் கையெழுத்து. எட்டும் பொய்.

தணிக்கையில் இது வெளியே வந்தால் கிரிகரி அவளை வைத்துக்கொள்ள மாட்டார். அதைவிட, அவள் பெயர் போட்ட தாளை இந்த ஊரில் இனி யாரும் நம்பமாட்டார்கள்.

கிரிகரிக்கு அழைத்துச் சொன்னாள். அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"டூல் இருக்குல்ல?" என்றார். "லாக்கை அதுல போடு. அதுவே ரூல் எழுதித் தரும். எல்லாத்தையும் அலவ் பண்ணிட்டு ஆன் பண்ணிடு. மூணு மணிக்கு ஸ்க்ரீன்ல 'என்ஃபோர்சிங்'னு வந்தா போதும் லா."

"பழைய ரிப்போர்ட்டு, பாஸ்?"

"அதை யாரு கேக்கப் போறா? இன்னிக்கு என்ன இருக்குன்னுதான் பாப்பாங்க. நீயா போய் வாயைக் கொடுக்காதே."

சொன்ன கருவி உண்மையில் உண்டு. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி அது. காவல் குறித்து வைத்த மீறல்களை, அதாவது லாக்கை, அதற்குள் ஊற்றினால், இதையெல்லாம் அனுமதி என்று விதி எழுதித் தந்துவிடும். பெர்னிஸ் ஊற்றினாள். எட்டு மாதக் குறிப்பு, நாற்பத்தோராயிரம் வரி. ஒரு நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு விதி தயார். ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

அவள் எழுந்து டயர் அறையில் நடந்தாள். நான்கு எட்டு போக, நான்கு எட்டு வர. உட்கார முடிந்திருந்தால் ஒருவேளை ஏற்றியிருப்பாள். நடக்கிற ஆளுக்குக் கண் சும்மா இருக்காது. ஒவ்வொரு முறை திரையைக் கடக்கும்போதும் ஒரு விதியைப் படித்தாள். அச்சு நிரல் தற்காலிகக் கோப்பு எழுதலாம்; சரி. கடிகார நிரல் நேரத்தைக் கேட்கலாம், சரி. ஏழாவது தடவை கடக்கும்போது நின்றுவிட்டாள்.

கேட் நிரல், டிரைவர்களின் பணியாளர் ஃபோல்டரைப் படிக்கலாம்.

அந்த ஃபோல்டரில் இருப்பது இருநூற்றுப் பத்து டிரைவர்களின் அடையாள அட்டை நகல், மருத்துவ அறிக்கை, வீட்டு முகவரி. ஒரு சிலிப்பு அச்சடிக்கிற நிரலுக்கு அங்கே என்ன வேலை? குறிப்பைத் தேடினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஒவ்வொரு லோரி நுழையும்போதும் அது அந்த ஃபோல்டருக்குள் போய்வந்திருக்கிறது. எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

பெர்னிஸ் கேட்டுக்கு ஓடினாள். ஹைதர் தன் கூண்டுக்குள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க கேட் புரோகிராம் டிரைவருங்க மெடிக்கல் ரிப்போர்ட்டு இருக்கற எடத்துக்குப் போயிட்டுப் போயிட்டு வருது. யாரு செஞ்ச வேலை இது?"

ஹைதர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

"மெடிக்கலா? அல்லா, அது இல்லம்மா. போன் நம்பருதான்."

"எந்த போன் நம்பரு?"

"வூட்டுக்காரிங்க நம்பரு." குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி இந்தப் போன்ல ஒரு நாளைக்கு நாப்பது கால். அவரு வண்டி வந்துருச்சா, இவரு வந்துட்டாரான்னு. நான் கேட்டைப் பாக்கறதா, போனை எடுக்கறதா? அப்டேட் போட வந்தாருல்ல, விஜயன், அவருகிட்டச் சொன்னேன். ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்தேன். அரை மணி நேரத்துல செஞ்சுட்டாரு. வண்டி உள்ள நுழைஞ்சா சிலிப்பும் வரும், வூட்டுக்கு மெசேஜும் போவும். ரொம்பக் கெட்டிக்காரரு."

"ஒரு பிரியாணிக்கா?"

"ஆட்டு பிரியாணி."

"எப்ப நடந்தது இது?"

"அதான், மழை நாளு. நீ வந்து சரி பண்ணுனியே, அன்னிக்குக் காலைலதான்."

பெர்னிஸ் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விஜயன் எழுதிய வரி, தொலைபேசி எண்ணுக்காகப் பணியாளர் ஃபோல்டரைத் திறக்கப் போயிருக்கிறது. காவல் கையை நீட்டி மறித்திருக்கிறது. கோப்பு திறக்காவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். சிலிப்பு அடிக்கும் வரி அதற்கு அடுத்தது. அன்றைக்குக் கெட்டுப்போனது காவல் இல்லை. அந்த இடத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அதன் கையைத்தான் அவள் கட்டிப்போட்டிருக்கிறாள். இப்போது நூற்றுப் பன்னிரண்டு விதியையும் ஏற்றினால், அந்த வழியை நிரந்தரமாகத் திறந்துவைத்து, மேலே 'என்ஃபோர்சிங்' என்று பலகை மாட்டுவது போலாகும். தெருவைப் பார்த்து நிற்கிற கேட் கணினியை எவனாவது கைப்பற்றினால், இருநூற்றுப் பத்துப் பேரின் அடையாள அட்டையும் அவன் கையில்.

"அதை நிறுத்திடாதம்மா," என்றார் ஹைதர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "அய்யாவு அண்ணனுக்குச் சுகரு. மெசேஜ் பாத்துத்தான் அவரு வூட்டுக்காரி ராஜம்மா அக்கா ஊசியும் சாப்பாடும் எடுத்து வைக்குது. இன்னொண்ணு, மெசேஜ் போக ஆரம்பிச்சதுலேர்ந்து வழியில கள்ளுக்கடையில நிக்கறவன் பாதியாக் கொறைஞ்சுட்டான். டிரைவருங்க என்னைத் திட்டறானுங்க, வூட்டுக்காரிங்க முறுக்கு அனுப்பறாங்க."

"நிறுத்தல, அண்ணே. எனக்கு ஒரு லிஸ்ட் வேணும். லோரி நம்பரு, வீட்டு போன் நம்பரு. வேற ஒண்ணும் வேண்டாம். டிரைவருங்க சரின்னு சொன்னவங்க நம்பரு மட்டும். பர்சனல் டிபார்ட்மெண்ட் மலர் அக்காகிட்ட வாங்கிட்டு வாங்க. ஒரு மணிக்குள்ள."

"பன்னெண்டரைக்கே தரேன்" என்று ஹைதர் தேநீரை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

பெர்னிஸ் டயர் அறைக்குத் திரும்பி, நூற்றுப் பன்னிரண்டு விதிகளையும் ஒவ்வொன்றாக விசாரித்தாள். யார் நீ, எதற்கு அங்கே போனாய், போகாவிட்டால் என்ன கெடும்? சில விதிகள் ஒன்றே பல வேஷம் போட்டு வந்தவை. சில, எப்போதோ ஒருமுறை நடந்து முடிந்தவை. நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சர்வர் அலமாரி மேல் மடிக்கணினியை வைத்து நின்றபடியே வேலை செய்தாள். இரண்டு மணிக்குப் பத்தொன்பது விதி மிஞ்சியது. இருபதாவதைத் தன் கையால் எழுதினாள்: கேட் நிரல், 'வீட்டு எண்' என்ற லேபல் கொண்ட ஒரே ஒரு கோப்பை, படிக்க மட்டும். பணியாளர் ஃபோல்டர் அதன் கண்ணில் படாது. விஜயனின் வரியில் கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் மாற்றினாள். மலர் அனுப்பிய பட்டியலைத் தன் சொந்த ஃபோல்டரில் வைத்துச் சரிபார்த்து, உரிய இடத்துக்கு நகர்த்தினாள்.

இரண்டு முப்பத்தெட்டு. காவலை இயக்கினாள். திரையில் 'என்ஃபோர்சிங்' வந்தது. ஹைதருக்கு அழைத்து, "அடுத்த வண்டியை விடுங்க" என்றாள்.

வண்டி வந்தது. சிலிப்பு வரவில்லை.

"தங்கச்சி, வரலையே."

"ஒரு நிமிஷம், அண்ணே."

"பின்னாடி நாலு வண்டி நிக்குது. இப்ப அஞ்சு."

வெளியே ஹாரன் தொடங்கியது. அதே ஹாரன், அதே கேட், மழை மட்டும்தான் இல்லை. விரல் அந்தப் பழைய கட்டளையைப் பாதி தட்டியும்விட்டது. சைபர் மட்டும் பாக்கி. அடித்தால் சிலிப்பு வரும். மூன்று மணிக்குச் சற்று முன்னால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். திங்கட்கிழமை மாதிரி.

தட்டியதை எழுத்து எழுத்தாக அழித்தாள். நவம்பரில் செய்யாததை இப்போது செய்தாள்: காவல் எதை மறித்தது என்று படித்தாள். புதிய கோப்பைத்தான் மறித்திருக்கிறது. ஏன்? லேபலைப் பார்த்தாள். 'வீட்டு எண்' என்று இருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய சொந்த ஃபோல்டரின் லேபல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெர்னிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கோப்பை நகல் எடுத்து வைத்தால் போகிற இடத்தின் லேபலைப் பெறும்; நகர்த்தினால் பிறந்த இடத்தின் லேபலையே சுமந்துகொண்டு போகும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் அவளே சொல்லித்தருகிற பாடம். லேபலைத் திருத்த ஒரு கட்டளை போதும். அடித்தாள். இரண்டு ஐம்பத்திரண்டு.

"வந்துருச்சு!" ஹைதரின் குரல் போனிலும் சன்னலிலும் ஒரே நேரத்தில் கேட்டது. "சிலிப்பு வந்துருச்சு! மெசேஜும் போயிருச்சாம், இனி கள்ளுக்கடைக்கு வழியில்ல, அய்யாவு அண்ணன் மூஞ்சி தொங்குது!"

மூன்று மணிக்குப் பிரெண்டா வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்த தணிக்கையாளர். கிரிகரியும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து, தண்ணீர் போத்தலுடன் பெர்னிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரெண்டா முதல் கேள்வியைக் கேட்டார், பெர்னிஸ் கட்டளையைத் தட்டினாள், 'என்ஃபோர்சிங்' வந்தது. பிரெண்டா குறித்துக்கொண்டார். விதிகளைக் கேட்டார். இருபதையும் பார்த்து, "சின்னதா, நீட்டா இருக்கு" என்றார். கிரிகரி போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

பிறகு மாத அறிக்கைகளைக் கேட்டார். எட்டையும் வரிசையாக விரித்துக் கண்ணாடியை மாட்டினார்.

"எல்லா மாசமும் காலைல பத்து அஞ்சுக்கே செக் பண்றீங்களா? நல்ல டிசிப்ளின்."

தேதியை மாற்றியவள் நேரத்தை மாற்றவில்லை. எட்டிலும் பத்து ஐந்து.

"பெர்னிஸ் கடிகாரம் மாதிரி" என்று கிரிகரி சிரித்தார்.

வழி திறந்தே இருந்தது. 'ஆமாம் மேடம்' என்ற இரண்டு சொல் போதும். மேசைக்கு அடியில் பெர்னிஸின் கால் ஆடியது. மேசை மேல் போத்தலில் தண்ணீர் நடுங்கியது. காலையில் அவள் அந்தக் கட்டளையை மூன்று முறை தட்டிப் பார்த்தவள். திரை மூன்று முறையும் உண்மையைத்தான் சொன்னது. தாள்தான் பொய் சொன்னது. அந்தத் தாளில் இருந்தது அவள் பெயர்.

"இல்ல மேடம். அது காப்பி. போன மாச ரிப்போர்ட்டுல தேதியை மட்டும் மாத்தினேன். நவம்பர்லேர்ந்து இது ஆன்ல இல்ல. நான்தான் பெர்மிசிவ்ல போட்டு மறந்துட்டேன். இன்னிக்கு ரெண்டு அம்பத்திரண்டுலேர்ந்துதான் ஒழுங்கா ஓடுது."

கிரிகரி போத்தலை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு முறை சுற்றினார்.

பிரெண்டா கண்ணாடியை இறக்கினார். "இதை நான் பெரிய குறைன்னுதான் எழுதணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"எட்டு மாசத்து லாக்கு இருக்கா?"

"ஒரு வரிகூட அழிக்கல. வெளி ஆளு யாரும் டிரைவருங்க ஃபோல்டரைத் தொடல, பாத்துட்டேன். நீங்களும் பாக்கலாம்."

பிரெண்டா பார்த்தார். ஐந்தரை மணிவரை பார்த்தார்.

கிரிகரி அவளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு திரும்பினார். பெடரல் சாலையில் சுபாங் தாண்டியதும், "உன்னை வாயைத் திறக்காதேன்னேன்" என்றார். பிரிக்பீல்ட்ஸ் வந்ததும், "இறங்கு. நாளைக்கு வா" என்றார். மறுநாள் வந்தபோது மேசை மேல் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. சரக்கு கொடுக்கும் வாடிக்கையாளர் குறையைச் சரிசெய்ய முப்பது நாள் அவகாசம் கொடுத்து, ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: இனி அறிக்கையில் ஒரு கையெழுத்துப் போதாது. அவள் நேரில் போய்த் திரையைப் பார்க்க வேண்டும்; அந்த இடத்தில் இருக்கும் ஒருவரும் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

அன்று மாலையே பெர்னிஸ் வேலை விளம்பரங்களைத் திறந்தாள். பழக்கம். சைபர்ஜெயாவில் ஒன்று, பாங்சாரில் ஒன்று. இரண்டுக்கும் விண்ணப்பம் எழுதி, அனுப்பாமல் வைத்தாள். டொரத்தி எட்டிப் பார்த்து, "ஒன்பதாவதா?" என்றாள். "ரிப்போர்ட்டு ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் பெர்னிஸ்.

ஆகஸ்டு முதல் தேதி காலை கமியூட்டர் ரயிலில் கதவோரம் நின்றபடி கிள்ளானுக்குப் போனாள். வெற்று அறிக்கைத் தாளைப் புதிதாக அச்சடித்துக் கொண்டுபோனாள். எந்தப் பெட்டியிலும் டிக் இல்லை. சாட்சி ஹைதர். சட்டையில் புதுப் பேனா செருகி, டயர் அறைக்கு முன்கூட்டியே வந்து நின்றார்.

பெர்னிஸ் கட்டளையைத் தட்டினாள். ஹைதர் குனிந்து, திரையில் விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"என்...ஃபோர்...சிங். சரிதானே? கையெழுத்துப் போடவா? வெளிய ஆறு வண்டி நிக்குது லா."

"இருங்க, அண்ணே. இன்னொரு தடவை."

"அதான் வந்துருச்சே!"

"இன்னொரு தடவை."

மறுபடி தட்டினாள். வந்தது. கைப்பேசியில் மணியைப் பார்த்து, நேரத்துக்கான கட்டத்தில் ஒன்பது பதினேழு என்று எழுதினாள். பிறகு டிக் போட்டாள், நின்றபடியே.